வலைப்பக்கத்து எழுத்தும் நம் கடமையும்

(வாழப்பாடியில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு சங்கம் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. கூலி வேலைக்குச் செல்வோர் தம் வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்கிச் சந்தா செலுத்தி, மாலை நேரப் பாட வகுப்பும் படிப்பகமும் நடத்தி வளர்த்த சங்கம் இது. இந்த நன்னாளில் ‘கணினியும் நம் இளைஞரும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். பொருளோ பெரிது, நேரமோ சிறிது. ஆகவே அதில் ஒரே ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்கின்றோம். இணையத்தில் வலைப்பக்கமாக உள்ள எழுத்தை, ஒழுங்கு கெடாமல் எளிய உரையாக மாற்றிக்கொள்வது எவ்வாறு, அதனால் நமக்கு விளையும் பயன் யாது என்பதே அப்பகுதி.

‘இது கணினிப் பொறியாளர் பேச வேண்டிய செய்தியன்றோ?’ எனச் சிலர் எண்ணக்கூடும். எழுத்து ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாறும் ஒவ்வொரு காலத்திலும் எவருடைய எழுத்து பிழைத்தது, எவருடைய எழுத்து அழிந்தது என்னும் கேள்வி நம் சமுதாயத்திற்கு மிகவும் உரிய கேள்வியாகும். அதனாலேயே இதனை நாம் எடுத்துக்கொண்டோம்.

எழுத்து வடிவம் மாறிய வரலாறு

திருக்குறள் ஓலையிலிருந்து அச்சிற்கு வந்த வரலாற்றில் கந்தப்பன் என்னும் பெரியவரின் பெயர் ஒன்று உண்டு. அவர் ஹாரிங்டன் துரையிடம் பணியாற்றியவர். தம்மிடமிருந்த ஓலைச்சுவடிகளை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தவர். இச்செய்தியை எழுதி வைத்தவர் அவருடைய பேரரான அயோத்திதாசப் பண்டிதர். அவர் எழுதியிராவிடில் அப்பெயர் நமக்கு எட்டியிருக்குமோ என்பது ஐயமே.

அப்பண்டிதர் 1907ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அது பின்னர் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அதற்கும் முன்னரே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே ஓர் இதழை நடத்தினார். பண்டிதர் 1914இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் அவர்களால் தொகுக்கப்பெற்று, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வழியாகத் தொகுதிகளாக வெளிவந்தது 1999இல். இடையில் ஓடிய ஆண்டுகள் எண்பத்தைந்து. இத்தனை ஆண்டுகள் அவ்வெழுத்து பழைய தாள்களில் உறங்கிக் கிடந்தது. நம் தாத்தாக்களும் தந்தையரும் அதனைப் படியாமலே வாழ்ந்து மறைந்தனர்.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1936இல் லாகூர் மாநாட்டிற்கென எழுதிய தலைமையுரையை அம்மேடையில் நிகழ்த்தவே இயலவில்லை. அழைத்தவர்களே மாநாட்டைக் கைவிட்டனர். அவர் சோர்ந்துவிடவில்லை. தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். மேடை மறுக்கப்பட்ட பேச்சு, எழுத்தாகி உலகெங்கும் சென்றது. இன்று கொலம்பியாப் பல்கலைக்கழகம் அந்நூலை வலைப்பக்கமாகவே வெளியிட்டுள்ளது. ஓலை, அச்சு, வலைப்பக்கம் என எழுத்து வீடு மாறிக்கொண்டே வருகின்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எதனை உடன் எடுத்துச் செல்வது என்பதை எவரோ முடிவு செய்கின்றனர். அவர்களுள் நம் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும்.

வலைப்பக்கம் என்பது யாது?

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரை அடுத்த சேர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1989இல் உலகளாவிய வலை பற்றிய திட்டத்தை முன்வைத்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அவ்வாய்வகம் அறிவித்தது. அவ்வலைப் பக்கங்கள் எழுதப்படும் குறியீட்டு மொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர்.

இம்மொழியில் எழுத்தோடு எழுத்தாகக் கோண அடைப்புகளுக்குள் சில குறிகள் இடப்பட்டிருக்கும். அவற்றை ஒட்டுகள் என்போம். இது தலைப்பு, இது பத்தி, இது தடித்த எழுத்து, இது பட்டியல், இங்கே வரி முறிகின்றது, இதனைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும் என்றெல்லாம் உலாவிக்கு அறிவிப்பவை இவ்வொட்டுகளே. உலாவி அவற்றைப் படித்துவிட்டு, ஒட்டுகளை மறைத்து, எழுத்தை மட்டும் அழகுறக் காட்டுகின்றது. இவற்றுடன் பக்கத்தின் நிறம், அளவு முதலியவற்றைக் கூறும் கட்டளைகளும், விளம்பரங்களை இயக்கும் நிரல்களும் சேர்ந்துவிடுகின்றன. பத்து வரிச் செய்தியைச் சுற்றிப் பல நூறு வரிகள் சூழ்ந்திருப்பதும் உண்டு.

வாழப்பாடி வட்டாரத்தில் பாக்குத் தொழிலை அறியாதார் இலர். காயின் மேல்தோலை உரித்து, உள்ளிருக்கும் கொட்டையை எடுத்து, வேகவைத்து, உலர்த்தித் தரம் பிரிப்பது நம் தாய்மார்கள் கைவந்த தொழில். தோலை உரிக்க வேண்டும் என்பதற்காகக் காயை அம்மியிலிட்டு நசுக்குவார் உண்டோ? நசுக்கினால் தோலும் போகும், கொட்டையும் போகும். வலைப்பக்கத்திலிருந்து எழுத்தை எடுப்பதும் இத்தகையதே.

கோண அடைப்புகளுக்கு இடைப்பட்ட அனைத்தையும் அழித்துவிட்டால் போதும் என்று தொடக்கத்தில் தோன்றும். அவ்வாறு செய்தால் மூன்று கேடுகள் விளையும். முதலாவது, விளம்பர நிரலின் ஒட்டு அழிந்தாலும் அதன் உட்பகுதி அழியாது எழுத்தோடு கலந்து நிற்கும். இரண்டாவது, அட்டவணையின் கட்டங்களைப் பிரித்துக்காட்டும் ஒட்டுகள் மறைந்தவுடன் அடுத்தடுத்த கட்டத்துச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, செய்யுளின் அடிகள் உரைநடைபோல் ஒரே வரியாக ஓடிவிடும். குறியீட்டு மொழியில் நாம் எத்தனை முறை வரியை மடக்கித் தட்டச்சு செய்தாலும் உலாவி அதனை ஓர் இடைவெளியாகவே கொள்ளும். வரிமுறிவுக்கெனத் தனி ஒட்டு இட்டால்தான் அடி பிரியும். அவ்வொட்டைப் பொருளறியாது நீக்கினால் குறளின் ஈரடியும் ஓரடியாகிவிடும்.

நிரல் நூலகத்தின் துணை

இங்குதான் நிரல் நூலகம் என்பது துணைக்கு வருகின்றது. ஒரு வேலையைச் செய்வதற்கான நிரலை ஒருவர் செம்மையாக எழுதி, ஏனையோரும் எடுத்தாளுமாறு பொதுவில் வைப்பதே நிரல் நூலகம். பைத்தான் என்னும் கணினி மொழிக்கு இத்தகைய நூலகங்கள் மிகப்பல உள்ளன. அவற்றுள் ‘எச்டிஎம்எல்-டூ-டெக்ஸ்ட்’ என்பது நம் பணிக்கு மிகவும் ஏற்றது.

இதனை ஆக்கியவர் ஆரன் சுவார்ட்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர். 1986இல் பிறந்தவர். அறிவு பணம் படைத்தோர்க்கு மட்டுமே உரியதாகிவிடலாகாது என்பதில் உறுதி கொண்டவர். ஆய்வுக் கட்டுரைகளைப் பெருமளவில் பதிவிறக்கியதன் பொருட்டு வழக்கிற்கு ஆளாகி, அவ்வழக்கு முடியுமுன்னரே 2013 சனவரியில் தம் இருபத்தாறாம் வயதில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற இந்நூலகத்தைப் பிறர் தொடர்ந்து பேணி வருகின்றனர். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

இந்நூலகம் ஒட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதில்லை. ஒவ்வோர் ஒட்டின் பொருளையும் அறிந்து, அதற்கு ஈடான எளிய அடையாளமொன்றை எழுத்திலேயே இடுகின்றது. தலைப்பு வரிக்கு முன் # என்னும் குறியும், தடித்த சொல்லின் இருபுறமும் இரட்டை உடுக்குறியும், பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் முன் * என்னும் குறியும் வருகின்றன. இணைப்புச் சொல் சதுர அடைப்பிலும், இணைப்பு முகவரி அதனை அடுத்து வளைவு அடைப்பிலும் வருகின்றன. அழகுக் கட்டளைகளும் விளம்பர நிரலும் விலக்கப்படுகின்றன. இவ்வெளிய அடையாள முறைக்கு மார்க்டவுன் என்று பெயர். 2004இல் ஜான் குரூபர் என்பார் சுவார்ட்ஸின் ஒத்துழைப்போடு வெளியிட்டது. கணினியே இன்றிக் கண்ணால் படித்தாலும் இதன் பொருள் விளங்கும்.

இதற்கு வேண்டிய நிரல் சில வரிகளே. நூலகத்தை அழைத்தல், மாற்றி ஒன்றை அமைத்தல், பக்கத்தைத் திறந்து படித்தல், அதனை மாற்றியிடம் கொடுத்தல், வந்த உரையைக் கோப்பாகச் சேமித்தல் ஆகியவையே படிகள். நம் மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு இது புதிதன்று. பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்.டி.எம்.எல். உள்ளது, பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் உள்ளது. தேர்வுக்கு மட்டும் படித்து மறக்கும் இவ்விரண்டையும் ஒருங்கே இணைத்தால், ஊருக்குப் பயன்படும் கருவியொன்று கைக்கு வந்துவிடும்.

தமிழுக்கே உரிய இடர்கள்

தமிழ்ப் பக்கங்களைக் கையாளும்போது சில இடர்கள் எதிர்ப்படும். அவற்றை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, எண் வடிவில் மறைந்திருக்கும் எழுத்து. யூனிகோடு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட முதன்மைத் தொகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. ‘அ’ என்னும் எழுத்தின் எண் 2949. சில பக்கங்களில் ‘அ’ என்பதற்குப் பதிலாக அ என எழுதப்பட்டிருக்கும். உலாவியில் பார்த்தால் தமிழாகத் தெரியும். உள்ளே பார்த்தால் எண்களாகவே இருக்கும். நூலகம் இதனைத் தானே எழுத்தாக மாற்றிவிடும்.

இரண்டாவது, வரியின் அகலம். இந்நூலகம் இயல்பாக ஏறத்தாழ எண்பது எழுத்திற்கு ஒருமுறை வரியை மடக்கும். அதன் கணக்கோ நம் கணக்கிற்கு மாறானது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினியோ மெய்யின் புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியே எண்ணி ஐந்து என்று கொள்ளும். ஆதலால் வரிகள் வேண்டாத இடத்தில் முறியும். அகலத்தைச் சுழியம் என அமைத்துவிட்டால் வரி மடக்குதல் நின்றுவிடும்; மூலத்தில் உள்ள அடிகள் மட்டுமே பிரிந்து நிற்கும்.

மூன்றாவது இடரே பெரிது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்ப் பக்கங்கள் ஆளுக்கோர் எழுத்துருவில் அமைந்தன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கத்தில் ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கணினியில் பதிந்திருக்கும். எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லையேல் பொருளற்ற ஆங்கிலக் குவியல். இத்தகைய பக்கத்தின் ஒட்டுகளை நீக்கினால் நமக்குக் கிடைப்பது அக்குவியல் மட்டுமே. அதனை யூனிகோடாக மாற்ற வேறொரு மாற்றி வேண்டும். ‘ஓபன்-தமிழ்’ என்னும் பைத்தான் நூலகத்தில் அதற்கான வழியுண்டு. தமிழக அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் எழுதப்பட்டவற்றை இவ்வாறு மீட்காவிடில், அவை இருந்தும் இல்லாதனவேயாம்.

ஒரு தேதியால் இழந்த உதவித்தொகை

இவையெல்லாம் நுணுக்கமான செய்திகள், நம் வாழ்விற்கும் இவற்றிற்கும் தொடர்பென்ன என்று கேட்பார்க்கு, நாம் அறிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம்.

பட்டியல் வகுப்பு மாணவர்க்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை 1944ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நம்மில் பலர் பட்டம் பெற்றது அதனாலேயே. சில ஆண்டுகட்கு முன் நம் வட்டாரத்து மாணவி ஒருவர் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்தார். உதவித்தொகை அறிவிப்பு வலைப்பக்கத்தில் ஓர் அட்டவணையாக வெளிவந்திருந்தது. புதிதாக விண்ணப்பிப்போர்க்கு ஒரு கடைசி நாள்; புதுப்பிப்போர்க்கு மற்றொரு கடைசி நாள். கணினி மையம் ஒன்றில் அப்பக்கத்தின் எழுத்தை மட்டும் நகலெடுத்துத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தனர். கட்டங்கள் மறைந்தன, தலைப்புகள் ஓரிடத்திலும் தேதிகள் வேறிடத்திலுமாக நின்றன. புதுப்பிப்போர்க்குரிய பிந்தைய தேதியையே தமக்குரியது என அம்மாணவி எண்ணிக்கொண்டார். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கையில் வைத்துக்கொண்டே நாளைத் தவறவிட்டார். பாக்கு உரிக்கும் தந்தை வட்டிக்குக் கடன் பெற்று அவ்வாண்டுக் கட்டணத்தைச் செலுத்தினார்.

அம்மாணவியின் மீது குற்றமில்லை. அறிவிப்பு இருந்தது, அதிலிருந்த ஒழுங்கு வழியில் கெட்டுவிட்டது. நாம் குறிப்பிட்ட நூலகம் அட்டவணையின் கட்டங்களுக்கு இடையே நேர்கோடுகளை இட்டுப் பிரித்துக் காட்டும். எனினும் இரண்டு மூன்று கட்டங்களை ஒன்றாக இணைத்து அமைத்த சிக்கலான அட்டவணைகளில் அதுவும் தடுமாறும். ஆகவே தேதி, தொகை, தகுதி ஆகிய மூன்றையும் மூலப் பக்கத்தோடு ஒப்புநோக்காமல் எவருக்கும் கொடுத்தல் கூடாது. கருவி உரித்துத் தரும். தரம் பார்ப்பது மனிதர் கடன்.

முன்னோடிகள் செய்த தொண்டு

எழுத்தைக் காக்கும் இப்பணியில் தமிழர் முன்னரே இறங்கியுள்ளனர். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கப்பெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராக விளங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் சங்க இலக்கியம் முதல் அண்மைக்கால நூல்கள் வரை மின்னுரையாக்கி எவரும் இலவசமாகப் பெறுமாறு செய்தனர். தொடக்கத்தில் பழைய குறிமுறையில் அமைந்த அந்நூல்கள் பின்னர் யூனிகோடிற்கு மாற்றப்பட்டன. ஒருமுறை எண்ணிமமாக்கியதோடு பணி முடியாது, காலத்திற்கேற்ப மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதற்கு அதுவே சான்று. கணியம் அன்பர்கள், வலைப்பூக்களில் சிதறிக் கிடக்கும் எழுத்துகளை ஆசிரியர் இசைவோடு திரட்டி மின்னூல்களாக்கி வருகின்றனர்.

எதிர்மறைச் சான்றும் உண்டு. இலவசமாகப் பக்கம் அமைக்க இடமளித்து வந்த ஜியோசிட்டீஸ் என்னும் தளம் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தமிழர் பலர் தொடக்கக் காலத்தில் பக்கம் அமைத்த இடம் அது. ஆர்வலர்கள் சிலர் விரைந்து முயன்றதால் ஒரு பகுதி காப்பாற்றப்பட்டது, எஞ்சியது மறைந்தது. பிறர் வீட்டுத் திண்ணையில் நெல்லைக் கொட்டி வைத்தவன், திண்ணை இடிக்கப்படும் நாளில் எவரை நோவான்?

நாம் செய்யத்தக்கன

இனி இளைஞர்கட்குச் சில வேண்டுகோள்.

கல்வி உதவித்தொகை, விடுதிச் சேர்க்கை, போட்டித் தேர்வு ஆகியவை பற்றிய அறிவிப்புகளை எளிய உரையாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டு, படிப்பகப் பலகையில் ஒட்டுங்கள். கைபேசி வழியும் அனுப்புங்கள். எளிய உரைக்கு வேண்டிய இடம் மிகச் சிறிது. நூறு பக்கத் தமிழ் நூலொன்று ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கைபேசியில் எடுத்த ஒரு நிழற்படம் அதனினும் மிகுதியான இடம் கொள்ளும். மலிவான கைபேசியிலும் அது திறக்கும். பார்வையற்ற மாணவர்க்குத் திரைவாசிப்பு மென்பொருள் அதனைத் தடையின்றிப் படித்துக் காட்டும்.

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகள் இன்று பொதுவுடைமை. ஆசிரியர் மறைவுக்குப் பின் அறுபது ஆண்டுகள் நூலுரிமை நீடிக்கும் என்பது நம் நாட்டுச் சட்டம். அவர் 1956இல் மறைந்தமையின் அவ்வுரிமைக் காலம் 2016ஆம் ஆண்டு இறுதியோடு முடிவுற்றது. ஆகவே அவ்வாறு அவர் வாழ்நாளில் வெளியான ஆங்கில எழுத்துகளை எடுத்து, எளிய உரையாக்கி, படிப்பகத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டு வைக்கத் தடையில்லை. மொழிபெயர்ப்புகளும், வாழும் எழுத்தாளர் படைப்புகளும் அவ்வாறல்ல. உரியவரிடம் இசைவு பெற்றே எடுத்தல் வேண்டும். உழைப்பின் பயனைப் பிறர் பறித்ததால் துன்புற்ற சமுதாயம் பிறர் உழைப்பை மதிக்கக் கடமைப்பட்டது.

நம் சமுதாயத்தார் இணையத்தில் எழுதிய கட்டுரைகள், நினைவுக் குறிப்புகள், ஊர் வரலாறுகள் எங்கெங்கு உள்ளனவோ அவற்றை இப்பொழுதே திரட்டுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஆசிரியர் பெயர், எடுத்த பக்கத்தின் முகவரி, எடுத்த நாள் ஆகியவற்றைத் தவறாது குறியுங்கள். ஒன்றுக்கு மூன்று படிகளாக வேறுவேறிடங்களில் வையுங்கள். இவ்வெள்ளிவிழா மலரையும் அவ்வாறே எளிய உரையாக்கி வைத்தல் வேண்டும். பொன்விழா எடுக்கும் நாளில் இன்றைய கணினிகள் இரா. இன்றைய தளங்களுள் பலவும் இரா. எளிய உரை அன்றும் திறக்கும் என்று நம்பலாம்.

நம் முன்னோர் ஏடு தொடவும் தடுக்கப்பட்டனர். அத்தடையை மீறி அவர்கள் எழுதியவற்றிலும் பெரும்பகுதியை நாம் இழந்தோம். இன்று எழுதவும், எடுக்கவும், மாற்றவும், காக்கவும் வேண்டிய கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. பள்ளி ஆய்வகத்தில் கணினி உள்ளது. பாடநூலில் பாடம் உள்ளது. வேண்டுவது வாரத்திற்கு இரண்டு மணி நேர உழைப்பும், ஒப்புநோக்கும் பொறுமையுமே. இச்சங்கம் அதற்கென இளைஞர் குழு ஒன்றினை இவ்வாண்டே அமைக்குமாறு நிருவாகிகளைக் கேட்டுக்கொள்கின்றோம். அக்குழுவிற்குப் பயிற்சியளிக்க, விடுமுறை நாள்களில் நாமும் நம் பள்ளி ஆசிரியர் சிலரும் அணியமாக உள்ளோம்.